செஞ்சியில் ஒரு கோடைப் பகல்

கோடையில் செஞ்சிக்குப் போக வேண்டாம் என்று சொல்லாதவர் இல்லை. மார்கழியில் போங்கள், தையில் போங்கள், மழை பெய்து ஓய்ந்த பிறகு போங்கள் என்றார்கள். ஆனால் எங்கள் ஆறு பேருக்கும் ஒருசேர விடுமுறை வாய்ப்பது மே மாதத்தில்தான். விடியுமுன் கிளம்பி, திண்டிவனத்தில் இட்லியும் காப்பியுமாகப் பசியாறி, திருவண்ணாமலைச் சாலையைப் பிடித்தோம். செஞ்சி ஊரைத் தாண்டியதும் சாலை கோட்டைக்குள்ளேயே புகுந்து செல்கிறது. ஒருபுறம் கிருஷ்ணகிரி, மறுபுறம் ராஜகிரி, சற்றுத் தள்ளி மூன்றாவதாகச் சந்திரகிரி. யாரோ பாறைகளை அள்ளிக் கொட்டிக் குவித்தது போன்ற மூன்று குன்றுகள். அவற்றை இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்.

ராஜகிரியின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்த பொறியாளர் நண்பர்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டார். "இதைப் போய் எவன் ஏறிப் பிடிப்பான்? அப்படியிருந்தும் இத்தனை பேர் கைக்கு எப்படி மாறியது?"

நியாயமான கேள்வி. ஆனந்தக் கோன் வழியினரிடம் தொடங்கிய கோட்டை விஜயநகரத்தாரின் நாயக்கர்களிடம் வந்தது. 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை அதைக் கைப்பற்றியது. 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1714இல் ஆர்க்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி. நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் ஏழு கைகள்! கைப்பற்ற முடியாதது என்று பெயரெடுத்த கோட்டைக்கு இது சற்று அதிகமில்லையா? விடையைத் தேடிக்கொண்டே ஏறுவது என்று முடிவு செய்தோம்.

வெயில் ஏறுவதற்குள் உச்சியை அடைந்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. கல்யாண மகாலும் களஞ்சியங்களும் யானைக் குளமும் எங்களைப் பிடித்து நிறுத்திவிட்டன. படிகளில் கால் வைத்தபோது மணி ஒன்பதரை. பாறை அதற்குள் சூடேறியிருந்தது. வாயிலுக்கு மேல் வாயில், மதிலுக்குள் மதில். ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறுபவன் மேலே நிற்பவனின் பார்வைக்கும் அம்புக்கும் இலக்காகும்படி வழியை வளைத்திருக்கிறார்கள். குரங்குகள் அந்தக் காவற்பணியை இன்றும் தொடர்கின்றன. எங்கள் ஆரஞ்சுப் பழங்களைச் சுங்கமாகப் பெற்றுக்கொண்டே வழிவிட்டன.

பாதி வழியில் பேச்சு யுனெஸ்கோ பக்கம் திரும்பியது. 2025 ஜூலையில் 'மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் உலக மரபுச் சின்னங்களாயின. பதினொன்று மகாராட்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. "கோனார் தொடங்கி, நாயக்கர் எழுப்பியதற்கு மராத்தியர் பெயரா?" என்று ஒருவர் பொருமினார். மராத்தியர் இங்கே இருந்தது இருபத்தொரு ஆண்டுகள்தாம். ஆனால் சிவாஜி பழைய மதில்களை இடித்துப் புதியவற்றை எழுப்பியதையும் அகழிகளை வெட்டியதையும் அக்காலத்து ஏசு சபைத் துறவியரின் கடிதங்கள் வியந்து பேசுகின்றன. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, முகலாயரிடமிருந்து தப்பிய மகன் ராஜாராம் தஞ்சமடைந்ததும் இங்கேதான். 1689 முதல் மராத்திய அரசின் தலைநகராகவே செஞ்சி விளங்கியது.

ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையிட்டான். முற்றுகை எட்டு ஆண்டுகள் இழுத்தது. இதிலொரு விந்தை: பட்டினி கிடந்தது கோட்டைக்குள் இருந்தவர்கள் அல்ல, வெளியே பாளையமிறங்கியவர்கள். மராத்தியக் குதிரைப்படை உணவு வரும் வழிகளை அடைத்தது. பேரரசரின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு இரகசியமாகப் பேசுகிறான் என்று சொந்தத் தளபதிகளே அவனைச் சிறைப்பிடித்தனர். 1693இல் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கி, மீண்டும் வந்தனர். கடைசியில் 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, முன்னமே தப்பியிருந்தார். யாருக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்களோ, அவர் இல்லாத கோட்டைதான் அவர்களுக்குக் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆசிரிய நண்பர் ஒரு வாயிலின் நிழலில் அமர்ந்தார். அமர்ந்தார் என்பதைவிடச் சரிந்தார் என்பதே பொருத்தம். எங்களில் மூத்தவர் அவர். முகம் வெளுத்திருந்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. தலைக்கும் கழுத்துக்கும் ஈரத்துணி போட்டோம். ஆறு பேரின் புட்டிகளிலும் இருந்த நீரைச் சேர்த்தபோது இரண்டு லிட்டர்கூடத் தேறவில்லை. அதுவரை வரலாறு பேசிய வாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் அரைமணி நேர ஏற்றம். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார் அவர். போகலாம் என்று நினைத்தோம் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. அப்படி நினைத்ததற்காக எங்களுக்கே வெட்கமாக இருந்தது. நீரை அவருக்கென்று ஒதுக்கினோம். மூவர் அவரோடு தங்க, இருவர் மட்டும் மேலே சென்று அரங்கநாதர் கோயிலையும் மரப்பாலத்தையும் பார்த்துத் திரும்புவது என்று முடிவாயிற்று.

உச்சிக்குச் சற்று முன்னே மலை பிளந்து கிடக்கிறது. அந்த ஆழப் பிளவைத் தாண்ட ஒரேயொரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் சிலர் நின்று ஒரு படையையே தடுக்கலாம். எங்கள் கேள்விக்கான விடையும் அங்கேதான் கிடைத்தது. மேலே சென்ற இருவரும் எச்சில் விழுங்கவும் ஈரமில்லாமல் திரும்பி வந்து சொன்னது இது: "இந்த மலை தோற்கவே இல்லை. தோற்றதெல்லாம் மனிதர்கள்தான்."

யோசித்துப் பார்த்தால் உண்மை. சிவாஜிக்குக் கோட்டை பெரும்போர் இல்லாமல் பேச்சுவார்த்தையிலேயே கிடைத்தது. 1750இல் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கைப்பற்றியது. ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார்: கர்நாடகத்திலேயே உடல்நலத்துக்கு மிகக் கேடான இடம் செஞ்சி, ஒருபோதும் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே வைத்திராத பிரெஞ்சுக்காரர், பத்தாண்டுகளில் 1200 பேரை இழந்தனர். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபின் செஞ்சியை முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படையிலும் முந்நூறு சிப்பாய்கள் நோயில் மாண்டார்கள். இரு தரப்பையும் கொன்றது வாளல்ல, இந்த இடத்தின் காற்றும் நீரும்.

மெதுவாக, நண்பரைத் தாங்கியபடி இறங்கினோம். கீழே நுங்கு விற்ற அம்மா அவரைப் பார்த்ததும், "இந்த வெயில்ல பெரியவர ஏத்தலாமா?" என்று எங்களைத் திட்டிக்கொண்டே மூன்று நுங்கைச் சீவித் தந்தார், அவருக்கு உரியதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். புளியமரத்து நிழலில் ஒருமணி நேரம் படுத்திருந்த நண்பர் எழுந்து அமர்ந்ததும் பேசத் தொடங்கியது தேசிங்கைப் பற்றி! சிறுவயதில் அவர் பாட்டி தேசிங்கு ராஜன் கதையைப் பாடித்தான் உறங்கவைப்பாராம்.

தேசிங்கு என்ற தேஜ் சிங் புந்தேலகண்டத்து ராஜபுத்திரன். தந்தை சொரூப் சிங் மறைந்தபின் ஓராண்டுகூட ஆளவில்லை. கப்பப் பாக்கியை முன்னிட்டு நவாபு சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தபோது அவன் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. சில நூறு குதிரை வீரர்களோடு வெளியே பாய்ந்தான். 1714 அக்டோபரில், இருபத்திரண்டு வயதில், சமவெளியில் வீழ்ந்தான். எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த கோட்டையைத் தன்வசம் வைத்திருந்தும் அதைப் பயன்படுத்தாத ஒருவனைத்தான் தமிழ்ப் பாட்டிகள் நினைவில் வைத்தார்கள். ராஜாராமின் பெயரை எந்தப் பாட்டி வாயிலும் நாங்கள் கேட்டதில்லை. மக்கள் மதிலைப் பாடுவதில்லை. மதிலைவிட்டு வெளியே வந்தவனைப் பாடுகிறார்கள்.

"சரி, அந்த முந்நூறு சிப்பாய்களை யார் பாடினார்கள்?" என்று பொறியாளர் கேட்டார்.

எவரிடமும் பதில் இல்லை. அந்த முந்நூறு பேரில் பலர் நம் மொழியைப் பேசியவர்களாகவே இருந்திருப்பார்கள். பிறருடைய கொடிக்காக வந்து, அம்பும் குண்டும் படாமல், இந்தப் பாறைகளுக்கிடையே நா வறண்டும் காய்ச்சலில் பிதற்றியும் செத்தவர்கள். காலையில் நாங்கள் அந்த வாயிலின் நிழலில் கண்டது அதன் சிறு துளியைத்தான். எங்களுக்குக் கீழே நுங்கும் புளியமரமும் காத்திருந்தன. அவர்களுக்கு இருந்தது மேலதிகாரியின் கட்டளை.

மாலையில் பேருந்து கிளம்பியபோது ராஜகிரியின் நிழல் சாலையைத் தாண்டி கிருஷ்ணகிரிப் பக்கமாக நீண்டிருந்தது. ஆசிரியர் சன்னலோரம் சாய்ந்து, பாட்டியின் மெட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அடுத்தமுறை மார்கழியில் வந்து, அவரையும் பாலத்துக்கு அப்பால் அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.