மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி

மூன்று வாரமாகத் தினமும் காலையில் ஒரு சிட்டிகை மீன் தீனியை, மீனே இல்லாத தொட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு நண்பர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சார், உடம்பெல்லாம் சௌக்கியந்தானே?" என்று விசாரித்தார். பேத்திக்கு என் மேல் கோபம். கொளத்தூர் போய்த் தொட்டி வாங்கிய அன்றே மீனும் வந்துவிடும் என்று இருந்தாள். "தண்ணி இருக்கு, மணல் இருக்கு, கல்லு இருக்கு. மீன் எங்க தாத்தா?" முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? உட்காரவைத்துக் கதை சொன்னேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

லண்டனில் 1849 மே மாதம் தொடங்குகிறது கதை. ராபர்ட் வாரிங்டன் என்பவர் அங்கே மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளர். 1841இல் லண்டன் வேதியியல் கழகம் உருவாக ஓடியாடியவர்களில் முக்கியமானவர். அவர் 12 காலன் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்துப் பாதிவரை ஊற்றுநீர் ஊற்றினார். அடியில் மணலும் சேறும். வெயில் உறைத்தால் மீன் ஒதுங்குவதற்குச் சில முரட்டுச் சுண்ணாம்புக் கற்கள். சின்னத் தங்கமீன் இரண்டு. நாடா மாதிரி இலை நீளும் வாலிஸ்னேரியாச் செடி ஒன்று. கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் வழவழவென்று பாசி. மனிதர் தண்ணீரைக் கொட்டவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன, பாசியை வழித்தன. அவை இட்ட முட்டைகளை மீன்கள் தின்றன. தண்ணீர் தெளிந்தது.

1850இல் இதை வேதியியல் கழகத்தின் இதழில் எழுதினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் பிராணவாயு மீனுக்குப் போகிறது, கழிவை நத்தை பார்த்துக்கொள்கிறது. தண்ணீர் மாற்ற வேண்டாம், எல்லாம் சரிக்குச் சரி. கேட்க எவ்வளவு அழகு! அழகான விளக்கத்தை அவ்வளவு சுலபமாக நம்பக் கூடாது என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது.

ஆனால் இங்கிலாந்து நம்பியது. 1845இல் கண்ணாடி மீதான வரி நீங்கியிருந்ததால் தொட்டி செய்வது மலிவாகிவிட்டது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற பெயரை ஊரெங்கும் பரப்பியது. வரவேற்பறையில் மீன்தொட்டி இல்லாத வீடு கௌரவக் குறைச்சல் என்கிற அளவுக்குப் போனது அந்தப் பித்து. மீன் வளர்ப்புப் புத்தகங்கள் வெகுகாலம் வாரிங்டனின் அந்தச் சமன்பாட்டையே ஒப்பித்தன.

அதில் விடுபட்டது அமோனியா. மீன் தன் செவுள் வழியாக அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதுவே மீனுக்கு விஷம். செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போகிறது? வாரிங்டன் அடியில் பரப்பிய மணலுக்கும் சேற்றுக்கும்தான் போயிருக்க வேண்டும். தன் தொட்டியில் யார் உழைக்கிறார்கள் என்று தெரியாமலேயே அவர் நத்தைக்கும் செடிக்கும் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

உழைத்தவர்களைப் பிடித்துக் காட்டியது 1877இல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், ஷ்லோசிங், மூன்ட்ஸ். அவர்கள் நினைத்தது மீனை அல்ல, பாரிஸின் சாக்கடையை. நீளமான ஒரு கண்ணாடிக் குழாயில் சுட்டெடுத்த மணலையும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெதுவாக இறங்கவிட்டார்கள். இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேலே விட்ட அமோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. அமோனியா போயே போய்விட்டது. வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமா? சந்தேகம் தீரக் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். வேலை நின்றது. தோட்டத்து மண் கரைத்த நீரைக் கொஞ்சம் விட்டதும் மறுபடி தொடங்கியது. மயங்குவதும் தெளிவதும் உயிருள்ளவைதானே. மணலில் குடியிருந்தவை நுண்ணுயிர்கள்.

சுண்ணாம்புக்கல் எதற்கு என்று கேட்பீர்கள். அமோனியா நைட்ரேட் ஆகும்போது அமிலம் பிறக்கும். அதை முறிக்க ஆள் இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். வாரிங்டன் மீனுக்கு நிழலாக வைத்த கல் இந்த வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வாரிங்டனுக்கு அதே பெயரில் ஒரு மகன். அப்பா தொட்டி வைத்தபோது பையனுக்குப் பத்து வயது. வளர்ந்து விவசாய வேதியியலாளராகி, 1876இல் ரோதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர்களின் செய்தி வந்ததும் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு பல வருடம் உழைத்து, வேலை இரண்டு கட்டமாக நடப்பதைக் காட்டினார். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. அதை வாங்கி நைட்ரேட் ஆக்குவது வேறொரு கூட்டம். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கத்தான் அவரால் முடியவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தபடி ஜெலட்டின் மேல் வளர்க்கப் பார்த்தார். இந்தக் கிருமிகளுக்கு அது ஆகாது. 1890இல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துப் பேர் வாங்கினார். அப்பா கண்ணாடியில் வைத்த புதிருக்கு மகன் முக்கால்வாசி விடை எழுதினார் என்பது என் தீர்ப்பு. மீன் வளர்ப்புப் புத்தகங்களோ அப்பாவை மட்டும்தான் நினைவு வைத்திருக்கின்றன.

மணலின் இந்த வித்தையைப் பெயர் தெரியாமலே ஊர்த் தண்ணீருக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1829இலேயே லண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்ப்சன் மணல்படுகை அமைத்துத் தேம்ஸ் நீரை வடிகட்டினார். 1892இல் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே வரும் எல்பே ஆற்று நீரைத்தான் குடித்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது, பெரும்பாலும் தப்பியது. சென்னைக்கு 1872 முதல் புழல் ஏரித் தண்ணீர் வடிகட்டாமலே வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மேட்லி என்ற பொறியாளர் மணல்படுகைகளைக் கட்டினார். படுகையின் மேல்பரப்பில் வழுவழுப்பான ஏடு ஒன்று படியும். அழுக்கு என்று பார்ப்பவர் நினைப்பார். கிருமியைப் பிடிக்கிற காவல்காரன் அந்த ஏடுதான். புது மணல் போட்டால் ஏடு படியும் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தது குளோரின். 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலும், 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியிலும் குழாய்த் தண்ணீரில் தொடர்ந்து கலக்க ஆரம்பித்தார்கள். காலராவையும் டைபாய்டையும் விரட்டிய மகராசன். ஆனால் மீனின் செவுளைப் பொசுக்கும். மணலில் இருக்கிற கூட்டத்தையும் கொல்லும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1976இல், பதினாலு வயதில், இரும்பு ஆங்கிள் சட்டத்தில் கண்ணாடி பொருத்திப் பட்டி வைத்து அடைத்த தொட்டி ஒன்று வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் மணலைக் கொட்டி, குழாயடியில் பாத்திரம் தேய்க்கிற மாதிரி அலசி, வெள்ளை வெளேரென்று திரும்பப் போடுவேன். புதன், வியாழனில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்புறம் சாகும். நாலு மாதத்தில் பதினொரு தங்கமீன். "ராசியில்லாத கை" என்றாள் அம்மா. அப்பாவுக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போ உப்பு வீட்டிலேயே, தொட்டியிலிருந்து பத்தடி தூரத்தில், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. 1819இல் ஜான் ஹெர்ஷல் அதன் குணத்தைக் கண்டு சொன்ன சோடியம் தயோசல்பேட் அது. குளோரினை நொடியில் முறிக்கும். மீன் கடையில் இன்று 'ஆன்ட்டி குளோரின்' என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது இதே சரக்கு. கல்லூரியில் படித்த அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை கொளத்தூர்க் கடையில் நீலம், ரோஸ் என்று சாயம் பூசிய கற்களைப் பேத்தி கேட்டாள். சம்மதிக்கவில்லை, அதற்கும் சேர்த்துத்தான் கோபம். ஆற்றுமணல் வாங்கி, கலங்கல் நிற்கும்வரை ஏழெட்டு வாளித் தண்ணீரில் அலசினேன். இந்த ஒரு தடவைதான்; இனி எப்போது அலசினாலும் தொட்டித் தண்ணீரிலேயே. கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பி இரண்டு சொட்டு வினிகர் விட்டேன். கடைப்பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். மூன்றாவது கல்லில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. சுண்ணாம்புக் கல். லண்டனில் உதவியது எங்கள் வீட்டில் ஆகாது. எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே கெட்டியில் பருப்பு வேகாத ரகம், பேத்தி கேட்பதோ மென்தண்ணீர் மீனான நியான் டெட்ரா. அதனால் கருங்கல். தண்ணீருக்கு மெட்ரோ குழாய்நீர், ஹைப்போ இரண்டு பரல்.

தினம் போடும் தீனி அழுகி அமோனியா ஆகிறது. மணலில் குடியேறுகிறவர்களுக்கு அதுதான் சாப்பாடு. இன்று இருபத்துமூன்றாம் நாள். சோதனைக் குழாயில் போன வாரம் வரை அமோனியாவுக்குப் பச்சை காட்டியது. இன்று காலை சுத்தமான மஞ்சள், அதாவது இல்லை. முதல் கூட்டம் வந்துவிட்டது. நைட்ரைட் மட்டும் இன்னும் ஊதாவாகவே நிற்கிறது. அது வெளிர்நீலமாகும் வரை மீன் கிடையாது.