பொத்துவிற் கரையோரத்தில் துவிச்சக்கர வண்டிப் பிரயாணம்: ஒரு சரித்திர நோக்கு

வைகாசி பிறந்தது முதல் மாரி தொடங்கும் வரையுள்ள வறண்ட மாதங்களில், மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் நோக்கி இறங்கும் பெருந்தெருவிலே, பின்சக்கரத்தின் இருமருங்கும் பைகள் தொங்க, கூடாரச் சுருளைக் கரியரிற் கட்டிக்கொண்டு நிதானமாக மிதித்துச் செல்லும் பிரயாணிகளைக் காண்பது இன்று அபூர்வமன்று. அறுகம் குடாவுக்கு அலைச்சறுக்கு விளையாட வந்த வெளிநாட்டாரே இவ்வழக்கத்தை இங்குக் கொணர்ந்தனர் என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் பாதியளவே பொருந்தும். தெருவின் சரித்திரத்தையும் வண்டியின் சரித்திரத்தையும் ஒருசேர வைத்து ஆராயுமிடத்து, உல்லாசப் பிரயாணிக்கு வேண்டிய வழியையும் வழக்கத்தையும் இக்கரையின் உழைப்பாளரும் யாத்திரிகரும் அவர் வருமுன்னரே ஆக்கி வைத்திருந்தனர் என்பது புலனாகும்.

ஐரோப்பாவில் இவ்வண்டி தோன்றிய வரலாறு பலரும் அறிந்ததாதலின் அதனை விரிக்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் வண்டிப் பிரயாணிகளின் சங்கம் 1878இல் நிறுவப்பட்டது. ஸ்டார்லி என்பார் 1885இல் இரு சக்கரமும் ஏறக்குறைய ஒத்த அளவினவாக அமைந்த ரோவர் வண்டியை இயற்றினார். 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரைத் தந்தார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அமெரிக்கரான பனி புல்லொக் வர்க்மன் அம்மையாரும் அவர்தம் கணவரும் இலங்கையிலும் இந்தியாவிலும் சைக்கிளிற் சுற்றினர். எனினும் நமது கரையில் அக்காலத்துப் பிரயாணிக்குப் பெருந்தடையாய் நின்றது நீரேயாகும். களப்பும் முகத்துவாரமும் இடையிடையே குறுக்கிட்டுத் தெருவைத் துண்டாடிய இப்பிரதேசத்தில், தோணித்துறையிற் காத்திருந்து வண்டியை ஏற்றியிறக்குவோனுக்குச் சக்கரத்தின் வேகத்தாற் பயன் யாது? கல்லடியில் 1924இல் திறக்கப்பட்ட மானிங் சீமாட்டி பாலமும், 1928இல் மட்டக்களப்பை எய்திய புகையிரதமும் இவ்விடர்ப்பாட்டை வடமுனையில் நீக்கின. இக்கரையில் சைக்கிளின் அபிவிருத்தியை நிர்ணயித்தவை பாலங்களே என்பது எமது துணிபு.

பாலம் அமைந்தபின் வண்டியைக் கைக்கொண்டவர் உல்லாசிகளல்லர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலாய ஊர்களில் வீடுகள் கடலை அண்டி நெருங்கியிருக்க, அவ்வூராரின் நெல்வயல்களோ மேற்கே வெகுதூரம் பரந்த வட்டைகளிற் கிடந்தன. விதைப்புக்கும் காவலுக்கும் வெட்டுக்கும் வட்டைக்குப் போய் வாடியிலே தங்கித் திரும்பும் கமக்காரனுக்கு மாட்டு வண்டியினும் சைக்கிள் அனுகூலமாயிற்று. மீன் வியாபாரியோ விடியுமுன் கரைவலைத் துறையிற் பெட்டியை நிரப்பி, வெயில் ஏறுமுன் உள்ளூர்களை எட்ட வேண்டியவன். இவர்தம் வண்டியை அணுகி நோக்குதல் தகும். 28 அங்குலச் சக்கரம், கனத்த எஃகுச் சட்டம், நிமிர்ந்திருந்து மிதிப்பதற்கேற்ற ஹாண்டில், செயினை முற்றும் மூடிய கவசம் ஆகியவை ஆங்கிலேயத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை; கரியரைத் தாங்கக் கூடுதலாக ஒட்டிய இரும்புக் கம்பியும், பெட்டி சரியாதபடி பழைய டியூபை அறுத்துச் செய்த இறப்பர்க் கட்டும் உள்ளூர்ச் சைக்கிட் கடைக்காரரின் கைவேலை. நெடும்பயணத்துக்கென விசேஷமாக இயற்றப்படும் இக்கால வண்டியிலும் பிரயாணி நாடுவது நீண்ட உறுதியான எஃகுச் சட்டம், சுமை தாங்கும் கரியர், வழியிற் பழுதுபார்க்கக்கூடிய எளிய பாகங்கள் என்பனவே. பல்வகை கியர் ஒன்றை நீக்கினால், மீன்காரரின் வண்டி அதற்கு மூத்த சகோதரமே எனலாம்.

இனி யாத்திரையின் பங்கு. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார் கூட்டம் மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை கடந்து, உகந்தை முருகன் சந்நிதியிற் தங்கிக் காட்டுள் நுழைவது நெடுங்கால வழக்கு. ஆடி மாதத்தில் எங்கே நீர் கிடைக்கும், எந்நிழலில் இளைப்பாறலாம், எவ்விடத்தில் யானை கடக்கும் என்னும் அறிவு அவர்களாற் பேணப்பட்டதாகும். இன்று சைக்கிட் பிரயாணி பொத்துவிலிலிருந்து தெற்கே செல்வதும் அவ்வழியே. குமண தேசிய வனத்தின் வாயில் உகந்தையை அடுத்திருப்பதால் அவனது சக்கரம் அங்கே நின்றுவிடுகிறது. அடியாரின் பாதம் அதற்கப்பாலும் செல்கிறது.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய வண்டியும் உதிரிப்பாகமும் அரிதாயின. அதன்பின் சந்தை திறந்தபோது மோட்டார் சைக்கிள் மெல்லமெல்ல இடம்பிடித்தது. யுத்த வருடங்களில் சோதனைச் சாவடிகளுக்கிடையே இன்பத்துக்காகப் பிரயாணஞ் செய்தல் எண்ணிப்பார்க்கவும் இயலாததாயிற்று. 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் கரையூர்களைச் சிதைத்து, அறுகம் குடாப் பாலத்தையும் சேதப்படுத்தியது. அமெரிக்க உதவியுடன் புதிய பாலம் 2008இல் திறக்கப்பட, மறுவருடம் யுத்தமும் முடிவுற்றது. நெடுந்தூரச் சைக்கிட் பிரயாணிகள் இக்கரையிற் பெருகியது அதன் பின்னரே என்பது பாலத்தைப் பற்றிய எமது துணிபுக்கு மேலும் வலுவளிக்கிறது.

அவர்கள் காணும் சௌந்தரியத்தையும் சிறிது கூறுதல் பொருந்தும். அக்கரைப்பற்றுக்குத் தெற்கே ஊர்கள் ஐதாகி, திருக்கோவிலைத் தாண்டியபின் ஒருபுறம் கடலும் மறுபுறம் பற்றைக்காடுமாய்த் தெரு நீள, இலங்கையின் கிழக்கெல்லையான சங்கமன்கண்டி முனை வருகிறது, கோமாரிக்கப்பால் பொத்துவில். அங்கிருந்து மேற்கே மொனறாகலைத் தெருவில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் சென்றால் லகுகலைக் குளத்திலே, கோடை முதிர முதிர, புல்மேய வரும் யானைக் கூட்டங்களைத் தெருவோரத்திலிருந்தே காணலாம். மாலை சாயுமுன் அத்தெருவை விட்டு நீங்குதல் அவசியம். கச்சான் காற்று வீசும் நாட்களில் மேற்கு நோக்கி மிதிப்பது எத்துணைக் கடினமென்பதை மிதித்தவரே அறிவர்.

2022இல் எரிபொருள் கிடையாது நாடு தத்தளித்தபோது, முற்றத்து மூலையிற் துருவேறிக் கிடந்த பழைய வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. அவற்றைச் செப்பனிட்டோர் இன்று முதுமையடைந்த சைக்கிட் கடைக்காரர்கள்; வட்டைக்கும் துறைக்கும் அவற்றை மிதித்தோரும் அருகி வருகின்றனர். ஐரோப்பியப் பிரயாணிகள் தம் பயணங்களை நூலாக எழுதிவைத்துச் சென்றனர், இவர்களோ எழுதவில்லை. 1995இல் தோன்றி, இதே கரையில் ஒலுவிலிலே நிலைகொண்டுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணாக்கர், தத்தம் ஊர்ப் பெரியோரின் ஞாபகங்களையும் பழைய புகைப்படங்களையும் அவர்கள் உள்ளபோதே கேட்டுப் பதிவுசெய்ய முன்வர வேண்டுமென வேண்டிக்கொள்கிறோம்.