அரை அங்குலத்தின் வரலாறு

அட்டுவம்பட்டி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம்தான். எனக்கு இனி நினைவுக்கு வரப்போவது ஒரு சங்கிலி. பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் நண்பரைக் காணச் சென்றிருந்தேன். அவர் வீட்டுக்குக் கீழே, படிப்படியாக இறங்கும் தோட்டமொன்றில் மினி டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. அதன் பின்னால் பூட்டிய பட்டாணி விதைக்கும் கருவியின் அருகே குந்தியிருந்த பெரியவர், என் கையில் ஒரு பற்சக்கரத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “செயின் புதுசுதான் தம்பி. ஆனா பல்லைத் திங்குது.”

பற்கள் சுறாவின் துடுப்பைப்போல ஒருபுறமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தன. தரைச் சக்கரத்திலிருந்து விதை விடும் தண்டுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்வது அந்தச் சங்கிலி. அது ஒரு பல் தாவினால் வரிசையில் ஒரு சாண் வெற்றிடம் விழும். முளைத்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். அப்போது மறு விதைப்புக்குப் பருவம் இருக்காது. பழைய சங்கிலியும் அரை அங்குலம், புதியதும் அரை அங்குலம். கடைக்காரர் அளந்தே கொடுத்திருக்கிறார். பிறகு எங்கே பிழை? விடை தேடிப் புறப்பட்டால் அது நம்மை 19ஆம் நூற்றாண்டின் மான்செஸ்டருக்கு இட்டுச் செல்கிறது.

ஹான்ஸ் ரெனால்டு சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர். 1879இல் சால்ஃபோர்டில், நெசவு இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்லேட்டரின் சிறு தொழிலகத்தை விலைக்கு வாங்கினார். ஸ்லேட்டர் 1864இலேயே உருளைகள் கொண்ட சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அதில் ஊசியின் மீது விழும் பாரம் முழுவதும் தகட்டின் மெல்லிய விளிம்பிலேயே தங்கியது. துளை விரைவில் நீள்வட்டமாகிவிடும். ரெனால்டு 1880இல் ஊசிக்கும் உருளைக்கும் நடுவே ஒரு சிறு குழலைச் செருகினார். பாரம் குழலின் நீளம் முழுவதும் பரவியது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. மிதிவண்டி முதல் அறுவடை இயந்திரம் வரை இன்று ஓடும் உருளைச் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தக் குழலின் வாரிசுகளே.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே காலத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. 1890இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் பின்னர் டைமண்டு செயின் என்று பெயர் பெற்றது. ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்தில் உந்துவிசிறிகளைச் சுழற்றியவை அதன் சங்கிலிகள். இரு கரையினரும் கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையிலான தூரத்தை அரை அங்குலம் என்றே வைத்துக்கொண்டனர். உருளையின் பருமனில்தான் பிரிந்தனர். பிரித்தானிய மரபில் அது 8.51 மில்லிமீட்டர், அமெரிக்க மரபில் 7.92. ஆறில் ஐந்து பங்கு சண்டைகளுக்குக் காரணம் இதைவிடச் சிறிய வேறுபாடுகள்தான் என்று தோன்றுகிறது!

இந்த இரு மரபுகளும் தமிழ்நாட்டில் வந்து சந்தித்தன என்பதுதான் சுவையான செய்தி. 1960இல் சென்னையில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமம் டைமண்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சங்கிலி ஆலை தொடங்கியது. கோவையில் 1937இல் பேருந்துப் போக்குவரத்தில் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம், பின்னாளில் ‘ரோலான்’ என்ற பெயரில் சங்கிலி செய்து நாடறிந்தது. அதன் தொழிற்சாலைச் சங்கிலிப் பிரிவில் 2008இல் பெரும்பங்கை வாங்கியது வேறு யாருமல்ல, அதே ரெனால்டு நிறுவனம். ஆலை இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில், குஜிலியம்பாறைப் பக்கம். மான்செஸ்டரில் பிறந்த குழல், அட்டுவம்பட்டி அமைந்திருக்கும் மாவட்டத்திலேயே வடிக்கப்படுகிறது. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லுக்குச் சங்கிலியும் வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

பெரியவரின் சிக்கலுக்கு வருவோம். அவர் வாங்கியது மோட்டார் சைக்கிள்களில் பரவலாக ஓடும் 428 வகைச் சங்கிலி. அதன் உருளை 8.51. கருவியின் பற்சக்கரமோ அமெரிக்க அளவில் வெட்டப்பட்டது. பருத்த உருளை பல்லிடுக்கின் அடியில் உட்காராமல் மேலேறி, பல்லின் தோளில் ஏறி ஓடியிருக்கிறது. ஆகவே சங்கிலி வாங்குவோர் அங்குலக் கணக்கைச் சொல்லிக் கேட்டால் போதாது. தகட்டில் பொறித்த எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். 08பி என்றால் பிரித்தானிய அரை அங்குலம். 40 அல்லது 08ஏ என்றால் அமெரிக்க அரை அங்குலம். பழைய சங்கிலியைக் கையோடு கொண்டுபோவது அதைவிட நல்லது. எண் தேய்ந்திருந்தால் வெர்னியர் கொண்டு உருளையை அளந்துவிடலாம்.

சங்கிலி ‘நீள்கிறது’ என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஊசியும் குழலும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. அரை அங்குலச் சங்கிலியில் 12 கண்ணிகள் சரியாக 6 அங்குலம் இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து அளக்கையில் 6 அங்குலத்துக்குமேல் அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் தேய்மானம் 2 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது, மாற்றிவிட வேண்டும். இதற்கு வேண்டியது ஓர் இரும்பு அளவுகோல் மட்டுமே. ஊசி தள்ளும் செயின் கட்டர், கிரீஸ் கன், நல்ல மில்லிமீட்டர் ஸ்பேனர் வரிசை ஆகியவை இருந்தால் மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பயணங்கள் பல மிச்சமாகும். பூட்டுக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை ஓடும் திசையை நோக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்புறமாக மாட்டிக் கிளிப்பைத் தோட்டத்தில் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

மில்லிமீட்டர் என்று அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. நம் நாட்டில் முதலில் பரவிய ஃபெர்குசன் வகை டிராக்டர்களின் மரைகள் அங்குல அளவின. 1967இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் துணையோடு தொடங்கியது. 1973இல் கேரளத்தில் காம்கோ, குபோட்டாவின் துணையோடு வந்தது. இவற்றின் வழியே ஜப்பானிய பவர் டில்லரும், தொடர்ந்து குறுகிய படிநிலங்களுக்கு ஏற்ற சிறு டிராக்டரும் பரவின. தாத்தாவின் அங்குல ஸ்பேனரால் பேரனின் மில்லிமீட்டர் மரையைத் திருகினால் முனை மழுங்கும்.

ஆஸ்திரேலியாவின் ஆர்தர் ஹோவர்ட் 1912இல் தந்தையின் நீராவி எந்திரத்தை வைத்துச் சோதனை செய்து, 1920இல் காப்புரிமை பெற்ற சுழல்கலப்பையையும் குறிப்பிட வேண்டும். அவர் கருவிக்கு வாய்த்த ‘ரோட்டவேட்டர்’ என்னும் பெயர் ஆங்கில எழுத்தில் முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கப்படும். சம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடிய மொழிக்காரர்கள் அதை உழவுக்கு மட்டும் பயன்படுத்தி, சொல்லைக் கவனிக்காமல் விட்டோம்.

இறுதியாக, சக்கரத்தில் சுற்றும் சங்கிலி. நியூயார்க் மாநிலத்தின் ஹாரி வீடு 1904இல் காப்புரிமை பெற்றது இது. வாகன ஓட்டிகள் சேற்றிலும் பனியிலும் சக்கரத்தில் கயிறு சுற்றியதைக் கண்டு தோன்றியது என்பார்கள். மழைக்காலத்து மலைமண்ணில் வழுக்கும்போது இதை வாங்கலாமா என்று பெரியவர் கேட்டார். ஏணிப்படி போலக் குறுக்குச் சங்கிலி மட்டும் உள்ள வகை டிராக்டர் டயரின் ஆழ்ந்த கட்டைகளுக்கு இடையே விழுந்து பயனற்றுப்போகும்; சாய்சதுர வலையாகப் பின்னியதே பிடிக்கும். சிறு டிராக்டரில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால் அதையும் அளந்தபின்பே வாங்க வேண்டும்.

“சங்கிலி போட்டாலும் சரிவுல குறுக்கே ஓட்டாதீங்க ஐயா,” என்றேன். பிடிப்பு கூடுமே தவிர, கவிழும் கோணம் மாறுவதில்லை. அதைவிட அஞ்சத்தக்கது இழுவைச் சங்கிலி. சேற்றில் சிக்கிய வண்டியையோ மரத்தையோ பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் எழுந்து, ஓட்டுநர் மீதே மல்லாக்க விழும். 1917இல் சந்தைக்கு வந்த ஃபோர்டுசன் இப்படிக் கவிழ்வதில் பேர்பெற்றது. ஹாரி ஃபெர்குசன் தன் மும்முனை இணைப்பை வடித்தபோது அவர் முன்னிருந்த சிக்கல்களில் இதுவும் ஒன்று. கீழே, இழுவைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும்.

பெரியவர் சற்று யோசித்துவிட்டு, டிராக்டரின் பின்னால் மேலிணைப்பில் சுற்றிக் கிடந்த துருப்பிடித்த சங்கிலியை அவிழ்க்கத் தொடங்கினார்.