முட்டையிடும் வாத்துகளும் பகலொளியும் (மலையகம்)

வாத்து எப்போது முட்டையிடத் தொடங்கும், எவ்வளவு காலம் தொடரும் என்பதில் தீவனத்துக்கு அடுத்தபடியாகப் பகலின் நீளத்துக்கே பெரும்பங்கு உண்டு. நுவரெலியா வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பதால், ஜூன் மாத நெடும்பகல்கூட அங்கே பன்னிரண்டரை மணியைத்தான் எட்டுகிறது. டிசம்பரில் அது முக்கால் மணி நேரம் குறையும். காக்கி கேம்பல் போன்ற முட்டையின வாத்துகளுக்கோ 14 முதல் 16 மணி நேர ஒளி உகந்தது.

பறவை ஒளியைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. 1930களில் பிரெஞ்சு உடலியலாளர் ஜாக் பெனுவா, கண்கள் அகற்றப்பட்ட ஆண் வாத்துகளிலும் ஒளி இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டுவதைக் காட்டினார். மண்டையோட்டை ஊடுருவும் ஒளியை மூளையின் ஹைப்போதலமஸ் உணர்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, பெட்டை வாத்தின் சூலகம் வேலை தொடங்குகிறது. திசுக்களை எளிதில் கடப்பது சிவப்பு சார்ந்த ஒளி என்பதால் மஞ்சள் வெளிச்சம் தரும் குமிழே கூட்டுக்குப் பொருந்தும்.

மலையகத்தில் முட்டை குறைந்தால் மூடுபனியின் மீது மட்டும் பழிபோடுவது சரியல்ல. பனிமூட்டமான பகலின் வெளிச்சமே தூண்டலுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகம். தென்மேற்குப் பருவமழையிலும் சனவரிக் குளிரிலும் சாக்கும் தகரமும் கொண்டு அடைத்த கூடுதான் உண்மையான இருட்டு. அங்கே ஈரமும் எச்சத்தின் அமோனியாவும் சேர்ந்து சுவாச நோய்க்கு வழிவிடுகின்றன. வெயில் படாத பறவைக்கு உயிர்ச்சத்து டி குறையும். சுண்ணாம்புச்சத்து உடலில் சேராமல் ஓடு மெலியும். காற்று வீசும் பக்கத்தை மட்டும் அடைத்து, எதிர்ப்பக்கத்தின் மேற்பாதியில் வலையடிப்பது நல்லது.

கூடுதல் ஒளியை 18 வாரத்துக்கு முன் கொடுக்கக் கூடாது. உடல் முதிராத பறவை சிறுமுட்டையிடும். முட்டைக்குழாய் வெளித்தள்ளி இறக்கவும் கூடும். 18 வாரத்துக்குப் பின் வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டி, அதிகாலை 4 முதல் இரவு 8 வரை என நிலைநிறுத்தலாம். வாத்தின் தலைமட்டத்தில் செய்தித்தாள் வாசிக்கும் அளவு வெளிச்சம் போதும். விடிய விடியப் பெருவெளிச்சம் வைத்தால் ஓய்வு கெடும். கும்மிருட்டில் மிரண்டு ஒன்றையொன்று மிதிக்கும் இயல்பு வாத்துகளுக்கு உள்ளதால், இரவில் மங்கிய சிறுவிளக்கு உதவும்.

ஒளிநேரம் சட்டென்று குறைந்தால் வாத்து இறகுதிர்த்து முட்டையை நிறுத்திவிடும். ஆகவே மின்வெட்டுக்கு மின்கலத்தில் எரியும் எல்இடி விளக்கு அவசியம். வைக்கோல் பரப்பிய கூட்டில் மண்ணெண்ணெய் விளக்கு தீ ஆபத்து.