தீக்குச்சி லீக்: ஒரு நோட்டுப் புத்தக வரலாறு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, மெஸ் சாம்பார், வார்டன், கடைசி பஸ் என்று வழக்கமான நினைவுகளை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் நூறு பேர் உண்டு. ஆகவே வேறு யாரும் எழுத வாய்ப்பில்லாத ஒரு வரலாற்றை எழுதுகிறேன். 2007-ல் நம் விடுதியில் எட்டுப் பேர் தொடங்கிய ஒரு கற்பனை ஹாக்கி லீக்கின் வரலாறு இது. இந்த நாட்டில் தொழில்முறை ஹாக்கி எத்தனை முறை எழுந்து, எத்தனை முறை விழுந்தது என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அது விழுந்தபோதெல்லாம் எங்கள் லீக்கும் சேர்ந்து படுத்தது.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும்தான் நினைவுக்கு வரும். 2020-ல் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் ஹாக்கி ஆடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஊர்ப் பெயரைச் சொன்னதுமே முகம் மலரும். வெயில் காலத்தில் வெடித்துக் கிடக்கும் கரிசல் பூமியில், சரளை மண் மைதானத்தில், ஸ்டிக்கைப் பிடித்து வளர்ந்த பையன்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ரயில்வே, வங்கி, போலீஸ், கப்பற்படை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன அண்ணன்மாரைப் பார்த்து அடுத்த தலைமுறை ஆட வந்தது. மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு மாதம் பிறந்தால் வரும் சம்பளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாடெங்கும் இருந்து துறை அணிகள் வந்து இறங்கும் நாட்களில் ஊரே மைதானத்தில்தான் இருக்கும்.

கற்பனை லீக் என்றால் என்னவென்று இளைய மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நிஜமான லீக்கில் ஆடும் ஆட்டக்காரர்களை நண்பர்கள் தங்களுக்குள் ஏலம் போட்டு ஆளுக்கொரு அணி சேர்த்துக்கொள்ள வேண்டியது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்ததற்கு ஏற்ப நம் அணிக்குப் புள்ளி. அமெரிக்காவில் 1962-ல் ஓக்லாந்தைச் சேர்ந்த வில்பிரட் விங்கன்பாக் என்பவரும் அவருடைய நண்பர்களும் அவர்கள் ஊர்க் கால்பந்தை வைத்து இதைத் தொடங்கினார்கள். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளர் பேஸ்பாலுக்கு ஒரு முறை வகுத்தார். அவருடைய கூட்டம் கூடிய நியூயார்க் சாப்பாட்டுக் கடையின் பெயரே அந்த ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. பிறகு கூடைப்பந்து ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு இந்த யோசனை வந்ததும் கூடைப்பந்து வழியாகத்தான். என் அறைத்தோழனின் அண்ணன் அமெரிக்காவில் வேலை பார்த்தார். என்.பி.ஏ. கூடைப்பந்தில் அவரும் அவருடைய ஆபீஸ்காரர்களும் நடத்தும் லீக்கைப் பற்றி எழுதுவார். கூடைப்பந்தில் ஒரு வசதி உண்டு. ஒருவன் கூடையில் போட்டது மட்டுமல்ல, பந்தை மீட்டது, தோழனுக்குக் கொடுத்தது, எதிரியிடமிருந்து பறித்தது, மறித்தது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அதுவும் எடுத்தவுடனே வந்துவிடவில்லை. பறித்ததையும் மறித்ததையும் என்.பி.ஏ. முறையாக எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். அதற்கு முன் ஆடிய பில் ரஸ்ஸல் தடுப்பதில் மன்னன் என்பார்கள். ஆனால் மொத்தம் எத்தனை மறித்தார் என்பதற்கு முறையான கணக்கு கிடையாது.

நாங்கள் கையில் எடுத்த லீக் பிரீமியர் ஹாக்கி லீக். 2005 ஜனவரியில் ஹைதராபாத்தில் தொடங்கியது. ஐ.பி.எல். கிரிக்கெட் வருவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே ஊர்ப் பெயரில் அணிகள், வெளிநாட்டு வீரர்கள், டி.வி.க்காக அமைத்த ஆட்டம் என்று எல்லாம் அதில் வந்துவிட்டது. எழுபது நிமிட ஆட்டத்தைப் பதினேழரை நிமிடமாக நாலு துண்டு போட்டிருந்தார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு 2014-ல் சர்வதேச ஹாக்கியே நாலு கால் பகுதிக்கு மாறியது வேறு கதை. முதல் ஆண்டில் ஹைதராபாத் சுல்தான்ஸ் கோப்பை வாங்கியது. தன்ராஜ் பிள்ளை மராத்தா வாரியர்ஸில் ஆடினார். நமக்குச் சென்னை வீரன்ஸ்.

2007 பருவத்துக்கு விடுதி டி.வி. அறையில் எங்கள் முதல் ஏலம் நடந்தது. காசு கூடாது என்பது முதல் நாளே போட்ட சட்டம். அப்புறம் எதை வைத்து ஏலம் கேட்பது? ஊர் கோவில்பட்டி அல்லவா, பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் தீப்பெட்டி வாங்கி ஆளுக்கு நூறு குச்சி எண்ணிக் கொடுத்தோம். "தன்ராஜுக்கு முப்பது குச்சி... முப்பத்தஞ்சு..." என்று சத்தம் போட்டதில் வார்டன் வந்து, ஏதோ சீட்டாட்டம் என்று நினைத்து, குச்சிகளைப் பார்த்துக் குழம்பிப் போய்த் திரும்பினார். வெற்றி பெற்றவனுக்கு மற்ற ஏழு பேரும் சேர்ந்து ஒரு கிலோ கடலை மிட்டாய் வாங்கித் தர வேண்டும். அதை எட்டாகப் பங்கு போட்டுத் தின்றுவிடுவதால் உண்மையில் யாருக்கும் லாபம் கிடையாது.

சிக்கல் கணக்கில் வந்தது. மறுநாள் பேப்பரில் ஹாக்கிச் செய்தி வந்தால் நாலு வரி வரும். கோல் போட்டவர் பெயர், நிமிடம், அவ்வளவுதான். கோல் போட்டவனுக்கு ஐந்து, பெனால்டி கார்னரில் போட்டால் மூன்று என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். கல்லூரி அணியில் ஃபுல் பேக் ஆடிய நண்பன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஏலேய், போட்டவனுக்கு அஞ்சு பாயிண்டு. எழுபது நிமிசம் விடாம நின்னு தடுத்தவனுக்கு முட்டையா? நான் ஆடுற ஆட்டத்துக்கு ஒங்க நோட்டுல எடமே இல்லயேடா மாப்ள!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எல்லோருக்கும் சுருக்கென்றது. அவன் அதிகாலையில் எழுந்து மைதானத்துக்கு ஓடுவதை நாங்கள் தினமும் படுக்கையில் இருந்தபடியே பார்த்தவர்கள். அவனுக்கு அந்த ஆட்டம்தான் நாளைய வேலை. தேர்வாளர் முன்னால் பேப்பர் கட்டிங்கை நீட்ட வேண்டும் என்றால் ஃபுல் பேக்குக்கு நீட்ட என்ன இருக்கிறது? பேர் வந்தால்தானே!

அன்றிலிருந்து நாங்களே எண்ணத் தொடங்கினோம். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு பேர் டி.வி. முன்னால் நோட்டோடு உட்கார வேண்டும். பந்தைப் பறித்தால் ஒன்று, 'டி'-க்குள் கடைசி நேரத்தில் தடுத்தால் இரண்டு, கோல்கீப்பர் காப்பாற்றினால் இரண்டு, கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவனுக்கு மூன்று. எது பறித்தது, எது தானாக வந்து மாட்டியது என்று தகராறு வந்தால் ஃபுல் பேக் நண்பன்தான் நீதிபதி. அவன் கடைசிவரை அணி எடுக்கவில்லை. "ஆடுறவன் கணக்குப் பாக்கக்கூடாது" என்பான். அந்த வருடம் ஒரிஸ்ஸா ஸ்டீலர்ஸ் நிஜக் கோப்பையை வாங்கியது. எங்கள் லீக்கில் ஜெயித்தவனோ பெரிய பெயர் ஒன்றுகூட இல்லாமல் நாலைந்து ஹாஃப் பேக்குகளைக் குறைந்த குச்சிக்கு வாங்கி வைத்திருந்த சிவில்காரன். புதுச் சட்டத்தைச் சரியாகப் படித்தவன் அவன் ஒருத்தன்தான்.

2008 நம் ஹாக்கிக்குக் கெட்ட வருடம். பெங்களூர் அணி பட்டம் வாங்கியதோடு பிரீமியர் ஹாக்கி லீக் நின்றுபோனது. மார்ச் மாதம் சிலி நாட்டில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல் தடவையாக இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. ஏப்ரலில் ஹாக்கி சம்மேளனமே இடைநீக்கம் செய்யப்பட்டது. அதே ஏப்ரலில்தான் ஐ.பி.எல். தொடங்கியது. விடுதி டி.வி. அறையில் அதற்கப்புறம் ஹாக்கி போட யாருக்கும் துணிச்சல் இல்லை. 2009-ல் நாங்கள் படிப்பு முடித்துப் பிரிந்தோம். நோட்டு என் பெட்டியில் வந்தது.

2012-ல் உலக ஹாக்கித் தொடர் என்று ஒன்று வந்தது. எட்டு அணிகள், அதில் சென்னை சீட்டாஸ் ஒன்று. ஹாக்கியை நடத்த இரண்டு அமைப்புகள் மோதிக்கொண்டிருந்த காலம். ஹாக்கி இந்தியா அதை அங்கீகரிக்கவில்லை. ஷேர்-இ-பஞ்சாப் கோப்பை வாங்கியது. இரண்டாவது ஆண்டு தள்ளிப்போய், தள்ளிப்போய், நடக்கவேயில்லை. எங்கள் ஏலம் அந்த முறை போனிலேயே நடந்தது. குச்சியை நேரில் எண்ண முடியாததால் "நம்பிக்கைக் குச்சி".

2013-ல் ஹாக்கி இந்தியா லீக். டெல்லி 78,000 டாலருக்கு சர்தார் சிங்கை எடுத்த செய்தியைப் படித்தபோது, நடு மைதானத்தில் ஆடுகிறவனுக்கு அவ்வளவு விலையா என்று ஃபுல் பேக் நண்பன் நடு ராத்திரியில் போன் போட்டான். அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. எல்லைப் பதற்றத்தால் ஒன்பது பாகிஸ்தான் வீரர்கள் ஆடாமலே திருப்பி அனுப்பப்பட்டார்கள். எங்களில் ஒருத்தன் இருவரை வாங்கி நாற்பது குச்சியைத் தொலைத்திருந்தான். அவனுக்காகவே 'மாற்று ஆள் விதி' எழுதப்பட்டது. ராஞ்சி ரைனோஸ் ஜெயித்தது. ஐந்து பருவம் நடந்த அந்த லீக்கில் தமிழ்நாட்டுக்கு ஒரு அணிகூட இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

2016-ல் அதிகாரிகளே எங்கள் நோட்டைக் கெடுத்தார்கள். ஃபீல்டு கோல் ஒன்று போட்டால் இரண்டு கோல் என்று புது விதி. இறுதி ஆட்டத்தில் பஞ்சாப் 6-1 என்று கலிங்காவை வென்றது. அதில் உள்ள ஆறு உண்மையில் எத்தனை என்று வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை. நாங்கள் வோட்டுப் போட்டு, எங்கள் லீக்கில் கோல் என்றால் ஒன்றுதான் என்று முடிவு செய்தோம். இன்றும் அது சரியான முடிவு என்றே சொல்வேன். 2017-ல் கலிங்கா லான்சர்ஸ் கோப்பை வாங்க, அந்த லீக்கும் நின்றது.

பிறகு ஏழு வருட மௌனம். இந்த இடைவெளியில்தான் காசு கட்டி ஆடும் செல்போன் கற்பனை லீக்குகள் நாட்டையே பிடித்தன. எங்களில் இரண்டு பேர் கிரிக்கெட்டில் அதை ஆடினார்கள். ஒருவன் கொஞ்சம் விட்டான். குச்சிக்கும் காசுக்கும் உள்ள வித்தியாசம் அவன் வீட்டில் தெரிந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்த வியாபாரத்தை நிறுத்தியபோது அவனுடைய மனைவிதான் முதலில் எங்கள் குரூப்பில் செய்தி போட்டார். அவரும் நம் கல்லூரி ஈ.சி.இ.தான்.

ஆனால் ஊரில் ஹாக்கி சும்மா இருக்கவில்லை. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை வந்தது. 1976-லேயே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது, நம் பையன்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டு சரளையில்தான் ஆடினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். அரசு விளையாட்டு விடுதியில் பிற மாவட்டப் பையன்களும் வந்து பயின்றார்கள். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இந்தியாவுக்காக முதன்முறையாக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்டபோது, ஏழு நாடு, ஏழு ஊரில் சிதறிக் கிடந்த நாங்கள் ஒரே நேரத்தில் குரூப்பில் கத்தினோம்.

2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி வந்தது. இம்முறை தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கென ஓர் அணி, அதில் கார்த்தி. எங்கள் ஏலத்தில் அவருக்கு அறுபத்தோரு குச்சி! எந்த ஐரோப்பிய வீரருக்கும் அவ்வளவு போகவில்லை. மீதி முப்பத்தொன்பது குச்சியில் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்தே ஒருத்தன் கேட்டான், விடவில்லை. டிராகன்ஸ் அரையிறுதிவரை வந்தது. பெங்கால் டைகர்ஸ் கோப்பை வாங்கியது. பெண்களுக்கும் தனி லீக் தொடங்கியதால் அந்த ஈ.சி.இ. தோழி எங்கள் நோட்டில் தனிப் பகுதி திறந்துவிட்டார். அவருடைய கணக்கு எங்களுடையதைவிடச் சுத்தம்.

2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஆறு பேர் மதுரையில் கூடினோம். ஃபுல் பேக் நண்பன் இப்போது ஒரு துறை அணிக்குப் பயிற்சி கொடுக்கிறான். இடைவேளையில் பேனா கேட்டான். கையில் இருந்த டிக்கெட்டின் பின்பக்கம் முழுக்க கோடு கோடாகக் கிழித்து வைத்திருந்தான். என்னவென்று பார்த்தால், இந்திய ஃபுல் பேக்குகள் பந்தைப் பறித்த கணக்கு.

அடுத்த ஏலத்துக்கு எங்களிடம் இரண்டு இடம் காலி. இப்போது படிக்கும் மாணவ மாணவியர் யாரும் வரலாம். தீப்பெட்டி நீங்களே கொண்டுவர வேண்டும், ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், தடுப்பவனையும் எண்ண வேண்டும். கடலை மிட்டாய் எங்கள் பொறுப்பு.