வறியோர் சட்டமும் முதியோர் உபகாரச் சம்பளமும்

உபகாரச் சம்பளம் என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. இலங்கை அரசாங்க சேவையிலும், மலாயாவின் புகையிரதப் பகுதி முதலாய கந்தோர்களிலும் பல்லாண்டு கடமையாற்றி ஊர் மீண்டோர், மாதந்தோறும் அதனைப் பெற்று வாழ்ந்தனர். பென்சன்காரர் என்பது ஒரு மதிப்புப் பெயராகவே வழங்கிற்று. ஆயின் அவ்வுபகாரச் சம்பளம், அரசாங்கம் தன் ஊழியருக்குப் பின்னாளில் கொடுக்கும் ஊதியத்தின் ஒரு பகுதியேயாம். உத்தியோகம் ஏதும் பாராது, பிறர் நிலத்தை உழுதும், துணி வெளுத்தும், சுமை தூக்கியும் முதுமையெய்திய ஒருவருக்கு அரசாங்கம் ஏதேனும் கொடுக்கக் கடமைப்பட்டதா என்பது வேறொரு வினா. அவ்வினாவுக்கு விடை காண இங்கிலாந்து நூறாண்டுக்கு மேலாக இடர்ப்பட்டது. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, கொடுக்கப்பட்ட பணத்தின் அளவைக் காட்டிலும் அது கொடுக்கப்பட்ட முறையே மக்களால் பெரிதும் பொருட்படுத்தப்பட்டது என்பது புலனாகும்.

முதலாம் எலிசபெத்து இராணியின் காலத்தில், 1601 இல் நிறைவேறிய சட்டம், ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் வறியோரைத் தானே பேணல் வேண்டுமென விதித்தது. அதன்பொருட்டுக் காணியும் வீடும் உடையோரிடம் வறியோர் வரி அறவிடப்பட்டது. இம்முறை தளர்ந்தும் இறுகியும் இருநூறாண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. பிரான்சுடன் போர் மூண்டு பாணின் விலை ஏறியபொழுது, பேர்க்சயர்ப் பகுதியின் ஸ்பீனம்லாந்தில் 1795 இல் கூடிய நீதவான்கள், பாண் விலைக்கும் குடும்பத்தின் தொகைக்கும் ஏற்பக் கூலியாளரின் குறை வருவாயை வரிப்பணத்தால் நிரப்பும் ஒழுங்கொன்றை வகுத்தனர். வேறு பல இடங்களிலும் இத்தகைய வழக்கங்கள் பரவின. இரக்கத்தாற் பிறந்த இவ்வொழுங்கு, கூலியைக் குறைத்துக் கொடுக்க நிலக்காரருக்கு வாய்ப்பளித்தது எனவும், உழைப்பில் நாட்டத்தைக் கெடுத்தது எனவும் பின்னர் குறைகூறப்பட்டது.

அக்குறைகளை ஆராய 1832 இல் அரச ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கையை வரைந்தோருள் நாசோ சீனியர் என்னும் பொருளியலறிஞரும் எட்வின் சாட்விக்கும் தலையாயவர். உதவி பெறுவோனின் நிலை, வெளியே உழைத்து வாழும் மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையிலுங் கீழானதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட கோட்பாடு. இதனை அடியாகக் கொண்டே 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் பிறந்தது. கோயிற்பற்றுகள் பல ஒன்றிணைக்கப்பட்டு, ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் ஒரு பாதுகாவலர் சபையும் ஒரு வேலைச்சாலையும் ஏற்பட்டன. உடல் வலியுள்ளோர் உதவி நாடின், அவ்வேலைச்சாலையுட் புகுதல் வேண்டும். புகுந்தோர் தம் உடையைக் களைந்து சாலையின் சீருடையைத் தரித்தனர். கணவன் ஒரு பகுதியிலும் மனைவி வேறொரு பகுதியிலும் பிள்ளைகள் பிறிதோரிடத்திலுமாகப் பிரிக்கப்பட்டனர். அன்டோவர் என்னும் ஊரின் வேலைச்சாலையில், உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையில் விடப்பட்டோர் பசி பொறாது, அழுகிய எலும்பில் ஒட்டியிருந்ததைக் கறித்துத் தின்ற செய்தி 1845 இல் வெளிவந்து நாட்டை நடுங்கச் செய்தது. பாராளுமன்றம் விசாரணை செய்தது. வறியோர் சட்ட ஆணையாளர் குழு 1847 இல் கலைக்கப்பட்டு வேறொரு சபை அதனிடத்தை ஏற்றது. ஆயினும் கோட்பாடு மாறவில்லை.

சோம்பி இருக்கும் இளைஞனை அச்சுறுத்தி வேலைக்கு ஓட்டுதற்கென்றே இச்சாலைகள் அமைந்தன. அவற்றின் வாயிலில் வந்து நின்றோரோ பெரும்பாலும் முதியோரும் நோயாளரும் கைம்பெண்களும் அநாதைப் பிள்ளைகளுமே. ஐம்பதாண்டு உழைத்தும் ஒரு காசு மிச்சம் பிடிக்க இயலாத கூலியாளுக்கு முதுமை வந்ததும் இரண்டே வழிகள் இருந்தன. பிள்ளைகளின் கையை எதிர்பார்த்தல் ஒன்று, பாதுகாவலர் சபையின் முன் நிற்றல் மற்றொன்று. வெளியில் இருந்தபடியே சில சிலிங் உதவி பெற்ற முதியோரும் உளர். எனினும் 1870 ஆம் ஆண்டுகளில் அவ்வெளியுதவியையுங் குறைக்கும்படி மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. உதவி பெற்றவன் வாக்குரிமை இழந்தான். 1832 இல் நிறைவேறிய பிறிதொரு சட்டத்தின்படி, வேலைச்சாலையில் இறந்தோருள் உரிமை கோருவார் இல்லாதோரின் உடல்கள் மருத்துவ மாணவர் அறுத்துப் பயிலக் கொடுக்கப்பட்டன. வறுமையினும் இவ்விழிவையே ஆங்கில ஏழை மக்கள் மிக அஞ்சினர்.

நூற்றாண்டின் இறுதியிலே வறுமையைக் கணக்கிட்டுக் காட்டும் அறிஞர் தோன்றினர். கப்பல் வணிகராகிய சாள்ஸ் பூத், 1886 இல் தொடங்கிய தம் ஆராய்ச்சியில், இலண்டன் மக்களுள் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்டோர் வறுமையில் வாழ்வதாகக் கண்டார். யோர்க் நகரை ஆராய்ந்த சீபோம் றவுன்றி 1901 இல் வெளியிட்ட நூலும் ஏறக்குறைய அதே விகிதத்தையே காட்டிற்று. குடியும் ஊதாரித்தனமுமே வறுமைக்குக் காரணம் என்னும் பழைய நம்பிக்கை இதனால் ஆட்டங்கண்டது. முதுமையே ஒரு பெருங்காரணம் எனக் கண்ட பூத், முதியோர் அனைவருக்கும் வாரம் ஐந்து சிலிங் கொடுக்கலாம் என எடுத்துரைத்தார். ஜேர்மனியில் பிஸ்மார்க் 1889 இலேயே முதியோர் காப்புறுதியை ஏற்படுத்திவிட்டார். நியூசிலாந்து 1898 இல் உபகாரச் சம்பளம் வழங்கத் தொடங்கிற்று. இங்கிலாந்திலோ, 1869 இல் தோன்றிய தருமப் பணி ஒழுங்கமைப்புச் சங்கத்தார் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். கேளாமற் கிடைக்கும் பணம் சிக்கனத்தையும், பெற்றோரைப் பேணும் பிள்ளைகளின் கடமையுணர்வையும் அழிக்கும் என்பது அவர்கள் வாதம். பேணுதற்கு ஒன்றுமில்லாத பிள்ளைகளைப் பற்றி அவ்வாதம் மௌனஞ் சாதித்தது.

அரசியல் நெருக்கடியும் காரியத்தை விரைவுபடுத்திற்று. 1907 இல் யாரோ என்னுந் தொகுதியின் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியும், கோல்ன் பள்ளத்தாக்கில் ஒரு சமவுடைமைவாதியும் வென்றமை ஆளும் லிபரல் கட்சியினரைக் கலங்கச் செய்தது. நிதி மந்திரியாயிருந்த அஸ்குவித் வகுத்த திட்டத்தை, அவர் பிரதமரானபின் நிதிப் பொறுப்பேற்ற லோயிட் ஜோர்ஜ் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார். 1908 ஆம் ஆண்டின் முதியோர் உபகாரச் சம்பளச் சட்டப்படி, எழுபது வயது நிரம்பி, ஆண்டு வருமானம் 21 பவுணுக்கு மேற்படாதோர் வாரம் ஐந்து சிலிங் பெறலாம். வருமானம் ஏற ஏறத் தொகை குறைந்து, 31 பவுண் 10 சிலிங்குக்கு மேல் ஒன்றுமில்லையாகும். முன்னரே பணங் கட்டவேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. அன்று முதியோராயிருந்தோர் இனிப் பணங் கட்டிச் சேர்த்தல் இயலாது. தொழிலாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்களும் அரசாங்கம் தமக்குப் போட்டியாக வருவதை விரும்பவில்லை.

ஐந்து சிலிங் ஒருவர் உயிர்வாழப் போதிய தொகையன்று. எழுபது வயது வரை வாழுங் கூலியாளரும் சிலரே. அன்றியும் பழைய ஐயம் முற்றாக நீங்கவில்லை. இயன்றும் உழைக்காது வாழ்ந்தோரும், அண்மையிற் சிறை சென்றோரும் விலக்கப்பட்டனர். வறியோர் உதவி பெற்றுவந்தோரும் தொடக்கத்தில் விலக்கப்பட்டனர். அவ்விலக்கு 1910 இன் முடிவோடு நீங்கிற்று. இத்தனை குறையிருந்தும் இச்சட்டம் ஒரு திருப்பமாயிற்று. உபகாரச் சம்பளம் பெறுவதால் எவரும் வாக்குரிமையோ வேறெந்த உரிமையோ இழப்பதில்லை எனச் சட்டமே கூறிற்று. பாதுகாவலர் சபைக்கு இதிற் கை இல்லை. விண்ணப்பத்தை ஆராய்ந்தவர் மதுவரிப் பகுதி உத்தியோகத்தர். பணங் கொடுத்தது தபாற்கந்தோர். 1909 தை முதலாந் திகதி வெள்ளிக்கிழமை, நாடெங்கும் முதியோர் சிறு புத்தகங்களைக் கையிற் கொண்டு தபாற்கந்தோர் வாயில்களில் நின்றனர். முதலாண்டிலேயே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பயன் பெற்றனர். கிராமத் தபாற்கந்தோரில் வேலை பார்த்த புளோரா தொம்சன் பின்னாளில் எழுதிய நினைவு நூலில், அம்முதியோர் கண்ணீர் மல்க லோயிட் ஜோர்ஜை வாழ்த்தியதையும், பணத்தை எடுத்துக் கொடுத்த பெண்ணுக்குத் தம் தோட்டத்துப் பூக்களும் பழங்களும் கொணர்ந்ததையும் குறித்துள்ளார். பணம் வந்த இடம் அவள் கையன்று என்பதை அவர்கள் அறியாதவரல்லர். முகஞ் சுளியாது கொடுத்தாள் என்பதே அவர்களுக்குப் பெரிதாயிற்று.

அயர்லாந்து அந்நாளில் ஐக்கிய இராச்சியத்தின் பகுதியாதலின் அங்கும் இச்சட்டஞ் சென்றது. ஆங்கே பிறப்புப் பதிவு 1864 இலேதான் பொதுவாகத் தொடங்கியது. எனவே எழுபது வயதை நிறுவப் பத்திரம் ஏது? 1839 தை மாதம் ஆறாந் திகதி இரவு அந்நாட்டைச் சூறையாடிய பெரும்புயலை யாவரும் பெருங்காற்று என வழங்கினர். அவ்விரவை நினைவுகூர வல்லார் எழுபது வயது கடந்தவராதல் வேண்டும். ஆகவே விண்ணப்பதாரர் பலர் அவ்விரவில் தாம் கண்டதை அதிகாரிகளிடம் எடுத்துரைத்தனர். புயலை நினைவிற் கொண்டோரின் தொகை எதிர்பார்த்ததினும் மிகுதியாயிருந்தது; சனத்தொகைக்கு ஏற்ப நோக்கின், அயர்லாந்திலே உபகாரச் சம்பளம் பெற்றோர் இங்கிலாந்தினும் பலர்.

செலவு மதிப்பீட்டை விஞ்சவே, லோயிட் ஜோர்ஜ் 1909 இல் நிலவரியும் மேல்வருமான வரியுங் கொண்ட வரவு செலவுத் திட்டத்தைக் கொணர்ந்தார். பிரபுக்கள் சபை அதனை நிராகரித்தது; 1910 இல் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன; 1911 இல் அச்சபையின் தடையதிகாரம் குறுக்கப்பட்டது.

முதியோர் செய்தி இவ்வாறாக, வேலையில்லாதோர் செய்தி வேறு வழியிற் சென்றது. வர்த்தக சபைத் தலைவராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில், வில்லியம் பெவரிட்ஜ் என்னும் இளைஞரின் துணைகொண்டு, தொழில் வழங்கு நிலையங்களை 1910 மாசி மாதத்தில் திறந்தார். வங்காளத்து ரங்பூரிலே, இந்திய சிவில் சேவை நீதிபதி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பெவரிட்ஜ். வேலையின்மை தனிமனிதனின் குறையன்று, தொழிற் சந்தையின் ஒழுங்கின்மையே என்பது அவர் கொள்கை. 1911 ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டம், கட்டட வேலை, கப்பற் கட்டுதல், இயந்திர வேலை முதலியவற்றைச் செய்த ஏறக்குறைய இருபத்திரண்டரை இலட்சம் தொழிலாளருக்கு, வேலையற்ற காலத்தில் வாரம் ஏழு சிலிங் வீதம் ஆண்டில் பதினைந்து வாரம் வரை கொடுக்க வகைசெய்தது. தொழிலாளியும் முதலாளியும் அரசாங்கமும் சேர்ந்து நிதியிட்டனர். தான் கட்டிய பணத்துக்கு ஈடாகப் பெறுவதில் இழிவில்லை என்பது இதன் உட்கருத்து.

இக்கருத்து ஒரு போரின் பின் நிலைகுலைந்தது. 1921 இல் வேலையற்றோர் தொகை இருபது இலட்சத்தை மீறியபொழுது, பலர் கட்டிய பணத்தின் எல்லை கடந்துவிட்டது. மேலும் உதவி வேண்டின், உண்மையாகவே வேலை தேடுவதாக விண்ணப்பதாரர் நிறுவுதல் வேண்டும் என்னும் விதி வந்தது. மூடிய தொழிற்சாலைகளின் வாயில்தோறும் மனிதர் நடந்து திரிந்தனர். வேலை அங்கில்லை என்பதை விதி இயற்றியோரும் அறிவர். அவ்விதி 1930 இல் நீக்கப்பட்டது. பாதுகாவலர் சபைகளும் அவ்வாண்டே மறைந்தன. ஆயினும் அடுத்த ஆண்டில் நிதி நெருக்கடி வந்து, தொழிற்கட்சி மந்திரிசபை வீழ்ந்து, உதவித்தொகை நூற்றுக்குப் பத்து வீதம் வெட்டப்பட்டது. அத்துடன் வீட்டார் அனைவரதும் வருவாயைக் கணக்கிடும் சோதனையும் புகுந்தது. மகளின் சம்பளமும், ஒரே வீட்டில் வாழ்ந்த முதிய தந்தையின் உபகாரச் சம்பளமுங்கூட வேலையற்ற மகனின் உதவியைக் குறைத்தன. தபாற்கந்தோரில் தலைநிமிர்ந்து பெற்ற பணம் வீட்டில் மகனுக்குப் பகையாயிற்று. இதனால் வீட்டைவிட்டு வெளியேறிய பிள்ளைகள் பலர். 1936 இல் யாரோ நகரத்து ஆடவர் இருநூற்றுவர், தம் தொகுதி உறுப்பினர் எலன் வில்கின்சன் அம்மையாரின் ஆதரவோடு இலண்டனுக்கு நடந்துசென்றனர். அவர்கள் கேட்டது உதவிப்பணம் அன்று, வேலை.

வீட்டார் சோதனை 1941 இல் ஒழிந்தது. அதற்கு முந்திய ஆண்டில் முதியோருக்கு மேலதிக உதவி அறிவிக்கப்பட்டபொழுது, அரசாங்கம் எண்ணியதினும் மிகப் பலராகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பெறலாயினர். பாதுகாவலரின் நிழல் படிந்த பழைய உதவியை நாட நாணி, அத்துணைப் பேர் வீட்டினுள்ளே வாடியிருந்தனர்! 1942 மார்கழியில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, இல்லாமை, நோய், அறியாமை, அழுக்கு, வேலையின்மை என்னும் ஐம்பெரும் பகைகளைச் சுட்டிற்று. அரசாங்க அறிக்கையொன்றை வாங்க மக்கள் வரிசையில் நின்றமை புதுமையே. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியாயிருந்து மந்திரியான ஜேம்ஸ் கிரிபித்ஸ் 1946 இல் தேசிய காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றினார். முழு உபகாரச் சம்பளத்தை இருபதாண்டிற் படிப்படியாக எட்டலாம் என்பது பெவரிட்ஜின் யோசனை. காத்திருக்க முதியோருக்குக் காலமில்லை எனக் கண்ட அரசாங்கம் வாரம் 26 சிலிங்கை உடனே கொடுத்தது. விலைவாசி ஏறவே அதுவும் போதாதாயிற்று. பலர் வருமானச் சோதனைக்கு உட்பட்ட தேசிய உதவியையும் நாட நேர்ந்தது.

1948 ஆடி ஐந்தாந் திகதி வறியோர் சட்டம் வழக்கொழிந்தது. இங்கிலாந்து அதனைக் கைவிடுதற்கு ஒன்பதாண்டு முன்னரே, 1939 இல், இலங்கை அதே பெயரால் ஒரு சட்டத்தை இயற்றியமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. வேலைச்சாலைக் கட்டடங்கள் பல மருத்துவமனைகளாகவும் முதியோர் இல்லங்களாகவும் மாறின. பெயர்ப்பலகை மாறினும் சுவர் மாறவில்லை. நோயுற்ற முதியோர் பலர் அவ்வாயிலினுட் செல்ல அஞ்சினர்.

அதன்பின் வந்த மாற்றங்களிலும் இருவகையாரை அரசாங்கம் நோக்கிய விதம் வேறுபட்டே சென்றது. 1966 இல் தேசிய உதவி சபை கலைக்கப்பட்டு, மேலதிக உதவி ஓர் உரிமையென ஏற்கப்பட்டது. 1996 இல் வந்த முறைப்படி வேலை தேடுவோர் தாம் வேலை தேடும் வகையை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட வேண்டியவராயினர். முதியோர் பக்கத்தில், பெண்களின் உபகார வயது 2018 இல் ஆண்களுடையதைப் போல் 65 ஆகி, 2020 இல் இருபாலாருக்கும் 66 ஆக உயர்ந்தது. எனினும் விலைவாசி, சம்பள உயர்வு, நூற்றுக்கு இரண்டரை என்னும் மூன்றனுள் மிக்கதன்படி உபகாரச் சம்பளம் உயரும் என 2010 இல் உறுதி கூறப்பட்டது. உழைக்கும் வயதினர் பெற்ற உதவித்தொகைகளுட் பெரும்பாலானவை 2016 சித்திரை முதல் நான்காண்டு உயர்த்தப்படாது நிறுத்திவைக்கப்பட்டன. அந்நான்காண்டிலும் முதியோர் உபகாரச் சம்பளம் ஆண்டுதோறும் உயர்ந்தது.