நிலவை அளவுகோலாக்கிய நீலகிரி

பிறை கண்டு மாதத்தைத் தொடங்குபவர்கள் நாம். நோன்பும் பெருநாளும், ஹஜ்ஜின் நாட்களும், விதவைப் பெண்ணின் இத்தா காலமும் சந்திரனின் ஓட்டத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. ஆண்டுகளையும் கணக்கையும் மனிதன் அறிந்து கொள்வதற்கான ஏற்பாடாகவே திருமறை சந்திரனை நமக்கு அறிமுகம் செய்கிறது. வானத்தில் அது வெறும் அழகுப் பொருளாக இல்லை; அளவுகோலாகவும் இருக்கிறது.

அந்த அளவுகோலைக் கொண்டு, கண்ணுக்கே தெரியாத தொலைவிலுள்ள பொருள்களின் பரிமாணத்தை அளந்த வரலாறு ஒன்று நம் தமிழகத்தில் உண்டு. அது நடந்த இடம் நீலகிரி மலையில், உதகமண்டலத்திற்கு அருகிலுள்ள முத்தோரை என்னும் சிற்றூர். அறிவியல் என்றால் என்ன, அளத்தல் என்றால் என்ன, ஓர் அளவை எப்போது நம்பலாம் என்பனவற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வரலாறு அரிது.

இரு நகரங்கள், ஒரு கிரகணம்

முத்தோரைக்குச் செல்லுமுன் ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். கி.பி. 997ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், ஹிஜ்ரி 387. அன்று ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் இருபத்து மூன்று வயது இளைஞரான அல்பைரூனி அதை உற்று நோக்கினார். அதே கிரகணத்தை பாக்தாதில் முதிய கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி நோக்கினார். இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டு செய்த பணி அது.

நோக்கம் என்ன? பூமியின் நிழல் சந்திரனில் படிவது, அதைக் காணும் அனைவருக்கும் ஒரே கணத்தில் நிகழும் நிகழ்ச்சி. ஆனால் அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் நேரம் வேறு. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. எனவே இரு ஊர்களிலும் குறிக்கப்பட்ட நேரங்களின் வேறுபாடு தெரிந்தால், அவ்வூர்கள் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியுள்ளன என்பது தெரிந்துவிடும். இன்றைய வரைபடத்தின்படி காத் நகரம் இருந்த இடத்திற்கும் பாக்தாதுக்கும் இடையே ஏறத்தாழ 16 பாகை வேறுபாடு உண்டு. அதாவது ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகம்.

இங்கே அறிவியல் முறையின் அடிப்படைகள் பலவும் இடம் பெற்றிருப்பதைக் கவனியுங்கள். தெளிவான கேள்வி ஒன்று இருந்தது. நேரடியாக அளக்க முடியாததை, அளக்க முடிந்த வேறொன்றின் வழியே அறியும் திட்டம் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்க இயலாத இரு நோக்கர்கள் தனித்தனியே குறிப்பெடுத்தார்கள். அல்பைரூனியின் காலத்திலேயே வாழ்ந்த பஸரா நகரின் இப்னுல் ஹைஸம், தாலமி போன்ற பேராசிரியரின் கூற்றுகளையும் ஐயத்திற்கு உட்படுத்தித் தனி நூலே எழுதினார். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல், சோதித்து ஏற்கும் பண்பு அது.

ஒரு மலைச்சரிவின் தேர்வு

இனி நீலகிரிக்கு வருவோம். 1962ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, சிரில் ஹஸார்டு என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தனர். வானத்தில் ரேடியோ அலைகளை வெளியிடும் ‘3சி 273’ என்னும் ஊற்றினைச் சந்திரன் கடந்து மறைக்கும்போது, அலை எந்த நொடியில் நின்றது என்று குறித்தனர். சந்திரனின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரிந்த ஒன்று. ஆகவே அந்த ஊற்று வானில் எங்கே உள்ளது என்பதும், அதன் அமைப்பும் தெரிய வந்தன. அதைப் பின்பற்றியே 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அது மிகத் தொலைவிலுள்ள பொருள் என்று கண்டறிந்தார். குவாசர் என்று அழைக்கப்படும் வகைப் பொருள்களைப் பற்றிய அறிவு அங்கிருந்து தொடங்கியது.

அந்த ஆய்வுரையைப் படித்தவர்களுள் ஒருவர் கோவிந்த் ஸ்வரூப். உத்தரப் பிரதேசத்தின் தாகுர்துவாராவில் 1929இல் பிறந்த அவர், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் பயின்று, ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் நாடு திரும்பி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒன்றிரண்டு ஊற்றுகளுக்குச் செய்ததை நூற்றுக்கணக்கான மங்கலான ஊற்றுகளுக்குச் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். அதற்கு மிகப் பெரிய கருவி வேண்டும். சந்திரனைப் பல மணி நேரம் அது தொடர்ந்து செல்லவும் வேண்டும். செலவோ நம் நாட்டிற்குக் கட்டுப்படியாக வேண்டும்.

அவர் கண்ட வழி எளிமையானது. பூமி தன் அச்சில் சுழல்வதால்தான் வானம் நகர்வதாகத் தோன்றுகிறது. தொலைநோக்கியின் அச்சும் பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால், ஒரே ஒரு திசையில் அதைச் சீராகத் திருப்பினாலே போதும். வானப் பொருளைப் பின்தொடரலாம். நிலநடுக்கோட்டில் சமதரையிலேயே வடக்கு தெற்காக இதை அமைத்துவிடலாம். நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே வந்தால், வடக்கு நோக்கி 11 பாகை உயரும் சரிவு வேண்டும். முத்தோரையில் அத்தகைய சரிவு இயற்கையாகவே அமைந்திருந்தது. அவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்று மேல் இருக்கிறது. மலைச்சரிவின் சாய்வும் ஏறத்தாழ அதே அளவு.

உருளைக்கிழங்கு வயல்களும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த அந்தச் சரிவில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி எழுந்தது. 24 பரவளைவுச் சட்டங்களின்மீது, அதன் முழு நீளத்திற்கும் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டன. அவை வானிலிருந்து வரும் அலைகளைப் பிரதிபலித்து, குவியக்கோட்டில் வரிசையாக உள்ள 1,056 உணர்கம்பிகளுக்கு அனுப்பும். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட அக்கருவி 1970இல் பணியைத் தொடங்கியது. ஒரு வானப் பொருளை ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாக அதனால் பின்தொடர முடியும்.

விளிம்பு சொல்லும் சாட்சி

இவ்வளவு பெரிய கருவியிருக்கச் சந்திரனின் உதவி எதற்கு? தொலைநோக்கி எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியும் என்பது, வரும் அலையின் நீளத்தையும் கருவியின் அகலத்தையும் பொறுத்தது. முத்தோரையில் பெறப்படும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். அரை கிலோமீட்டர் நீளமிருந்தும், அதனால் தானாகப் பிரித்தறிய முடிவது பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆய்வாளர்களுக்குத் தேவைப்பட்டதோ விகலை அளவு; அதாவது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால், அது ஏறத்தாழ ஒரு விகலை அளவில் தோன்றும்.

இங்கேதான் சந்திரன் துணைக்கு வருகிறது. விண்மீன்களின் பின்னணியில் சந்திரன் ஒரு நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. புள்ளி போன்ற ஊற்றாக இருந்தால், சந்திர விளிம்பு அதைத் தொட்டவுடன் அலை சட்டென்று குறையும். அகலமான ஊற்றாக இருந்தால் மெல்ல மெல்லக் குறையும். எத்தனை நொடிகளில் மறைந்தது என்பதே அதன் அகலத்தைச் சொல்லிவிடுகிறது. கோணத்தை அளக்க இயலாதபோது காலத்தை அளந்தார்கள். அல்பைரூனி செய்ததும் இதுவே: காலத்தை அளந்து தொலைவை அறிந்தார்.

ஆனால் அளவு அத்தனை எளிதில் கைக்கு வருவதில்லை. ரேடியோ அலை சந்திரனின் விளிம்பில் சற்றே வளைந்து சிற்றலைகளைத் தோற்றுவிக்கும். அதை நீக்கி உண்மை உருவை மீட்கும் கணித வழியை 1962இல் பீட்டர் ஷூயர் என்பவர் தந்திருந்தார். சந்திரனின் விளிம்போ மலையும் பள்ளமுமாய் மேடு பள்ளம் கொண்டது. கருவியிலும் எப்போதும் ஓர் இரைச்சல் உண்டு. இவை அனைத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஊற்று மறையும்போது ஒரு முறையும், மறுபுறம் வெளிப்படும்போது ஒரு முறையும் அளக்கலாம் என்பது கூடுதல் வாய்ப்பு.

பிழையே இல்லாத அளவு என்று எதுவும் கிடையாது. நல்ல அளவு என்பது தன் பிழையின் எல்லையையும் சேர்த்துச் சொல்லும் அளவு. பொற்கொல்லரின் தராசு மில்லிகிராம் காட்டும். விறகுக் கடைத் தராசு அதைக் காட்டாது. விறகுத் தராசில் தங்கத்தை நிறுத்து, மில்லிகிராம் கணக்கு சொல்பவர் பொய் சொல்கிறார் என்றே பொருள். நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, மாலையில் கூடையை நிறுக்கும் தராசில்தான் அன்றைய உழைப்பின் மதிப்பு இருக்கிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்ததற்காக ஒரு சமுதாயமே கண்டிக்கப்பட்ட வரலாற்றை, நபி ஷுஐப் (அலை) அவர்களின் சரிதையில் நாம் அறிவோம். ஆய்வுக்கூடத்தின் நேர்மையும் சந்தையின் நேர்மையும் ஒன்றே.

ஒரே கூரையின் கீழ்

இந்த அளவுகளால் விடை காண வேண்டியிருந்த கேள்வி மிகப் பெரியது. இந்த அண்டம் என்றென்றும் ஒரே தோற்றத்தில் இருந்து வருகிறதா, அல்லது காலத்தால் மாறி வந்ததா? 1948இல் ஃபிரெட் ஹாய்ல், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகியோர் ‘மாறா நிலை அண்டம்’ என்னும் கோட்பாட்டை முன்வைத்தனர். அண்டம் விரிந்தாலும் புதிய பொருள் தோன்றிக்கொண்டே இருப்பதால், எக்காலத்திலும் அதன் பொதுத் தோற்றம் ஒன்றே என்பது அவர்கள் கருத்து.

இக்கோட்பாட்டில் ஒரு நற்பண்பு இருந்தது. தான் தவறென்றால் எப்படித் தோற்கும் என்பதை அது தெளிவாகவே காட்டியது. தொலைவிலிருந்து வரும் அலை பழங்காலத்தில் புறப்பட்டது. ஆகவே தொலைவைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பதாகும். அண்டம் மாறவில்லை என்றால், தொலைவிலுள்ள ரேடியோ ஊற்றுகளும் அருகிலுள்ளவற்றைப் போலவே இருக்க வேண்டும்.

முத்தோரையில் மங்கலான, பெரும்பாலும் மிகத் தொலைவிலுள்ள ஊற்றுகள் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டன. பிரகாசமான ஊற்றுகளுக்குக் கேம்பிரிட்ஜில் தொகுக்கப்பட்ட பட்டியல் ஒப்பீட்டுக்கு இருந்தது. 1975இல் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய மாணவர் விஜய் கபாஹியும் முடிவுகளை வெளியிட்டனர். ஊற்றுகள் மங்க மங்க, அவற்றின் கோண அளவும் சிறுத்துச் சென்றது. அந்த அளவுகளும் ஊற்றுகளின் எண்ணிக்கையும் மாறா நிலைக் கணக்குக்குப் பொருந்தவில்லை. பண்டைக் காலத்தில் இவ்வூற்றுகள் இன்றுள்ளவற்றைவிடச் சிறியனவாகவும், எண்ணிக்கையில் செறிந்தும் இருந்தன என்று கொண்டால்தான் கணக்கு பொருந்தியது. அண்டம் மாறி வந்திருக்கிறது.

இதில் ஒரு செய்தி நம் கவனத்திற்குரியது. ஹாய்லின் மாணவரும் மாறா நிலைக் கோட்பாட்டின் முன்னணி அறிஞருமான ஜயந்த் நார்லிகர், 1972 முதல் அதே டாடா நிறுவனத்தில் பணியாற்றியவர். ஒரே நிறுவனத்தில் ஒருவர் ஆதரித்த கோட்பாட்டுக்கு எதிரான சான்றை மற்றவர் வெளியிட்டார். யாரும் யாரையும் வாயடைக்கவில்லை. நார்லிகர் தம் கருத்தைக் கைவிடாது, 1993இல் ஹாய்லுடனும் ஜெஃப்ரி பர்பிட்ஜுடனும் இணைந்து அதன் திருத்திய வடிவத்தை முன்வைத்தார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. வாதம் அளவுகளைக் கொண்டே நடந்தது.

முத்தோரையின் அளவு ஒன்றே இவ்வழக்கைத் தீர்த்துவிடவும் இல்லை. 1950களிலிருந்தே கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரைல் செய்த ஊற்றுக் கணக்கெடுப்பு ஒரு சாட்சி. 1965இல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் அறிவித்த, வானெங்கும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சு மற்றொரு சாட்சி. நிலவைக் கொண்டு பெற்ற சான்று இவற்றோடு சேர்ந்தது. ஓர் அறிவிப்பு வேறு வழிகளிலும் வந்துள்ளதா, அறிவித்தவர் எத்தகையவர் என்று ஹதீஸ் கலை இமாம்கள் துருவி ஆராய்ந்ததை அறிந்த நமக்கு, தனித்தனிச் சாட்சிகளின் மதிப்பு புதியதன்று.

நமக்குரிய பாடம்

அண்டம் மாறி வந்தது என்று கேட்டவுடன், நம் நம்பிக்கைக்கு அறிவியல் சான்றிதழ் தந்துவிட்டது என்று மகிழ்வோர் நம்மில் உண்டு. இங்கே நிதானம் தேவை. முத்தோரையின் அளவுகள் சொன்னது, ரேடியோ ஊற்றுகள் காலப்போக்கில் மாறியுள்ளன என்பது மட்டுமே. அதற்கு மேல் சொல்லாததை அதன் வாயில் நாம் திணிக்கக் கூடாது. சாட்சி சொன்னதைக் கூட்டுவதும் குறைப்பதும் நீதிக்குப் புறம்பானவை. மேலும், அறிவியல் முடிவுகள் நாளை திருத்தப்படக் கூடியவை. அதுவே அவற்றின் வலிமை. இறைநம்பிக்கையின் அடித்தளம் அவற்றின்மீது அமைந்ததன்று.

தமக்கே பாதகமானாலும் உண்மைச் சாட்சி பகருமாறு பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். அளத்தலின் உயிர்நாடியும் அதுவே. நம் விருப்பத்திற்கு மாறாகவும் பேச இடமளிக்கப்பட்ட அளவே அளவாகும். ஒரு மருந்தின் புகழோ, ஒரு நிறுவனத்தின் இலாப வாக்குறுதியோ, கைப்பேசியில் வந்த ஒரு வியப்புச் செய்தியோ நம் வீட்டு வாசலுக்கு வரும்போது சில கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். யார் அளந்தது? எதைக் கொண்டு? பிழை எவ்வளவு? வேறு யாரேனும் தனியே அளந்தார்களா? இது தவறென்றால் எப்படித் தெரிய வரும்?

விஜய் கபாஹி 1999இலும், கோவிந்த் ஸ்வரூப் 2020இலும், ஜயந்த் நார்லிகர் 2025இலும் மறைந்துவிட்டனர். அவர்கள் வாதிட்ட நேர்மையான முறை நம் பிள்ளைகளுக்கு எஞ்சியிருக்கிறது. காத் நகரத்து இளைஞர் நோக்கிய அதே நிலவுதான் நீலகிரியின் மேலும் உதிக்கிறது. அதைக் கொண்டு மாதத்தை எண்ணும் நாம், அது கற்பிக்கும் நேர்மையான கணக்கையும் வாழ்வில் பேணிட வல்ல நாயன் அருள் புரிவானாக.